திரைக்குக் கீழே நின்றுவிட்ட வரி

சேவூரில் பட்டு நெய்கிறேன். என் மனைவி தறியில் உட்கார்ந்து பாடிய கீர்த்தனைகளைப் பழைய குட்டி லேப்டாப்பில் பதிந்து வைத்திருந்தேன். அவள் காய்ச்சலில் போனபோது மகள் கைக்குழந்தை. பெரியவளானதும் போட்டுக் காட்டலாம் என்றிருந்தேன். எனக்குக் கேட்கத் தெம்பில்லை.

"வட்டம் சுத்திகினே இருக்குதுப்பா, ஒரே பேஜார்" என்று அந்த லேப்டாப்பில் பாடம் பார்க்கும் மகள் அலுத்துக்கொண்டதால், போன மாதம் அதில் புது ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்ற உட்கார்ந்தேன். சின்னத் திரை. அதில் வந்த அறிவிப்புப் பெட்டியின் அடிப்பாகம் திரைக்குள் அடங்கவில்லை, பட்டன்களும் தெரியவில்லை. தறியில் அறுந்த இழையைப் பார்க்காமலே விரலால் தடவி முடிச்சுப் போடுகிறவன் நான். அதே தைரியத்தில் குத்துமதிப்பாக என்டரைத் தட்டினேன்.

பாட்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆரணியில் கம்ப்யூட்டர் கடைக்காரர் அதே பெட்டியைப் பெரிய மானிட்டரில் காட்டினார். 'உள்ளவை அனைத்தும் அழிக்கப்படும்' என்ற வரி அடியில் இருந்தது. "இனிமே எடுக்க முடியாதுங்க" என்றார்.

இப்போது மகள் பேசுவதைப் போனில் பதிந்து, இரண்டு பென் டிரைவில் காப்பி எடுத்து வைக்கிறேன். "அம்மா குரல் எப்படிப்பா இருக்கும்?" என்று அவள் கேட்ட கேள்வியும் அதில் இருக்கிறது.