புதுக் கிளையின் லெட்டர்ஹெட்

நான் அக்கா என்று கூப்பிடுபவரை நேரில் பார்ப்பதற்கு முன் ஒன்றரை வருடம் அவர் குரலோடு மட்டும்தான் எனக்குப் பழக்கம். ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் நடத்தும் ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில், பெங்களூர் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், அவருக்கு வேலை. ரிப்போர்ட் வரவில்லை என்று கிளைகளிலிருந்து போன் வந்தால் அவர்தான் எடுப்பார். எடுத்துவிட்டு என்னைக் கூப்பிடுவார். அவர்களுக்கு மென்பொருள் செய்து கொடுத்தது எலெக்ட்ரானிக் சிட்டியில் இருக்கும் எங்கள் கம்பெனி.

அந்த மென்பொருள் பல துண்டுகளாக இருக்கும். நோயாளியைப் பதிவு செய்ய ஒன்று, முடிவுகளைச் சேர்க்க ஒன்று, ரிப்போர்ட் தயாரிக்க ஒன்று. ஒவ்வொன்றும் கன்டெய்னர் எனப்படும் தனித்தனிப் பெட்டிக்குள் ஓடும். ஒன்று விழுந்தால், அதாவது ஓட்டம் நின்றுபோனால், அந்த இடத்தில் இன்னொன்று தானாக எழுந்துகொள்ளும். எழுந்ததும் மறுபடி விழுந்தால்தான் தலைவலி. கன்டெய்னர் என்று நான் ஒருமுறை விளக்கியதை அக்கா டப்பா என்று ஆக்கிக்கொண்டார். உன் டப்பா மறுபடி விழுந்துவிட்டது, ஸ்வல்ப பாரும்மா என்பார், கொஞ்சம் என்பதைக் கன்னடத்தில்.

பார்க்க இருபது நிமிடமாவது ஆகும். ஒவ்வொரு கன்டெய்னரும் எழுதி வைத்திருக்கும் குறிப்புகளான லாக் வரிகளை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும். அதுவரை அக்கா போனை வைக்க மாட்டார். முழங்கால் வலியைச் சொல்வார், பக்கத்து சீட்டுக்காரி கொண்டுவந்த புளியோகரே சாதத்தைச் சொல்வார். மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கும் குடும்பம். தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும். நானோ திருப்பத்தூரிலிருந்து வந்து சந்தாபுராவில் தனியாக வாடகைக்கு இருந்தவள். காலையில் சாப்பிட்டாயா என்று அந்த ஊரில் என்னைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

அப்போதுதான் எங்கள் மேனேஜர் தானாகவே கோளாறு கண்டுபிடிக்கும் ஒரு டூலைக் கொண்டுவந்தார். எந்தக் கன்டெய்னர் விழுந்தது, ஏன் விழுந்தது, என்ன செய்ய வேண்டும் என்று அதுவே லாக்குகளைப் படித்து எளிய வாக்கியங்களில் சொல்லிவிடும். நான்தான் அதைப் பொருத்தினேன். அக்காவும் பார்க்கும்படி ஒரு பக்கம் செய்து, போனிலேயே சொல்லிக்கொடுத்தேன். அவர் ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்துக் காட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அதன்பின் அவர் அழைப்பது நின்றுபோனது. முதல் வாரம் நிம்மதியாக இருந்தது. அடுத்த வாரம் மேஜைமேல் இருக்கும் போனை அடிக்கடி எடுத்துப் பார்த்தேன். ஒருநாள் நானே கூப்பிட்டு, பக்கம் சரியாகத் திறக்கிறதா என்று கேட்டேன். திறக்கிறது என்றார். வேறு என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. வைத்துவிட்டோம்.

ஒரு திங்கட்கிழமை காலை ரிப்போர்ட் தயாரிக்கும் கன்டெய்னர் விழுந்து விழுந்து எழுந்தது. மெமரி போதவில்லை, கூட்டு என்றது டூல். கூட்டினேன். செவ்வாய்க்கிழமையும் விழுந்தது. டூல் அதையே சொன்னது. இன்னும் கூட்டினேன். புதன்கிழமையும் அதே கதை. டூல் சொல்வதைச் செய், அவ்வளவுதான் என்றார் மேனேஜர். வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுத்துவிட்டு சர்க்கரை ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தவர்கள் கிளைகளில் நின்று சத்தம் போடுவதாகக் கேள்விப்பட்டேன்.

வியாழக்கிழமை அக்கா கூப்பிட்டார்.

"ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது" என்றார்.

"சொல்லுங்கக்கா."

"புதுசா ஒரு பிராஞ்ச் தொறந்தாங்கல்ல, அவங்க ரிப்போர்ட் போட ஆரம்பிச்ச ஒடனேதான் உன் டப்பா விழுது. நாலு நாளா டைம் எழுதி வச்சிருக்கேன்."

நேரங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். நான் லாக்கில் சரிபார்த்தேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. அந்தக் கிளையின் அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். சாமி படம் போட்ட புது லெட்டர்ஹெட்டை, கடை போர்டு எழுதக் கொடுப்பதுபோல ராட்சத அளவில் ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் கன்டெய்னர் அந்தப் படத்தைத் தன் மெமரிக்குள் முழுதாகத் தூக்க வேண்டியிருந்தது. படத்தைச் சிறிதாக்கினேன். இனி அவ்வளவு பெரிய படம் ஏறாதபடி ஒரு தடையும் போட்டேன். அக்கா போனிலேயே இருந்தார். பத்து நிமிடம், இருபது நிமிடம். கன்டெய்னர் விழவில்லை.

டூல் பொய் சொல்லவில்லை. மெமரி போதாமல்தான் இருந்தது. ஆனால் புதுக் கிளை திறந்ததும், அங்கே யாரோ ஆசைப்பட்டு சாமி படம் சேர்த்ததும் அதற்கு எப்படித் தெரியும்?

திங்கட்கிழமையே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அதான் உன் டூல் சொல்லிடுச்சே. நடுவுல நான் எதுக்கு, உனக்குத் தொந்தரவுன்னு இருந்துட்டேன்" என்றார்.

அது என்னைச் சுட்டது. தொந்தரவு இல்லை அக்கா என்று சொன்னேன். சரியாகச் சொன்னேனா தெரியவில்லை. அதனால் அந்தச் சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி சிவாஜிநகர் போனேன்.

அவர் அலுவலக வாசலில் நின்றிருந்தார். அந்தக் கணீர் குரலுக்கு வாட்டசாட்டமான ஒருவரைக் கற்பனை செய்திருந்தேன். என் தோளுக்குத்தான் வந்தார். அவரும் என்னை மேலும் கீழும் பார்த்து, போனில் குண்டாகத் தெரிந்தாய் என்றார். உள்ளே கூட்டிப்போய் நேரம் எழுதிய நோட்டைக் காட்டினார். எல்லாம் கன்னட எழுத்து. பள்ளியில் கன்னடம்தான் படித்தாராம். தமிழ் பேச்சோடு சரி. எனக்கு நேரங்களின் எண்களைத் தவிர ஒன்றும் புரியவில்லை.

விழுந்த நேரங்களுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று ஒரு பழைய பக்கத்தைக் காட்டிக் கேட்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இது பதினொன்னரைக்கு விழுந்தது. பக்கத்துல, 'பொண்ணுக்கு இருமல், கஷாயம் சொன்னேன்'னு இருக்கு."

பொண்ணு நான்தான். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதையும் படித்துச் சொன்னார், அதில் நான் சாப்பிடாமல் வந்த நாட்கள் இருந்தன.

மதியம் அவர் கூட்டிப்போன ஹோட்டலில், எனக்கு எது பிடிக்கும் என்று கேட்காமலே இரண்டு பிரியாணி சொன்னார். அவர் தட்டிலிருந்த முட்டை என் தட்டுக்கு வந்தது.