ஹார்ப் கலைச்செல்வி அக்கா

கலைச்செல்வி அக்கா இன்று காலை இறந்துவிட்டார். மாரடைப்பாம்... வேங்கிக்கால் வீட்டில்.

செய்தி வந்தபோது நான் ஒரு மண்டபத்தில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா ஹார்ப் வாசிப்பவர். ஆள் உயரத்துக்கு வளைந்து, மேலிருந்து கீழாக வரிசையாக நரம்பு கட்டியிருக்குமே, அந்த வெளிநாட்டு வாத்தியம். திருவண்ணாமலையில் அதை வாசிக்க வேறு ஆள் இருந்ததாக எனக்குத் தெரியாது.

சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். கிரிவலப் பாதையில் குடியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா வீட்டில் வேலை பார்த்தார். அந்த அம்மா ஊருக்குத் திரும்பும்போது ஹார்ப்பை இவரிடமே விட்டுவிட்டுப் போனார். பாதி அவரிடம் கற்றது, மீதி ஃபோனில் பார்த்துப் பார்த்துக் கற்றது.

ட்ரூப் கிடையாது, மேனேஜர் கிடையாது. கல்யாண ரிசப்ஷன், பாண்டிச்சேரி ஹோட்டல் லாபி, காலேஜ் விழா... கூப்பிட்டால் போவார். நான் சவுண்ட் சர்வீஸ் நடத்துகிறேன். ரிசப்ஷன் ஆர்டர் வந்தால் அக்காவையும் சேர்த்துவிடுவேன்.

எந்த மண்டபத்துக்குப் போனாலும் யாராவது ஒரு பெரியவர் வந்து இது யாழா என்று கேட்பார். யாழுக்கு தூரத்துச் சொந்தம்ங்க என்பார் அக்கா. முகத்தில் சிரிப்பே இருக்காது.

எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். வந்ததும் ஏசியைப் போடச் சொல்லி மண்டபத்து மேனேஜரோடு சண்டை. கூட்டம் சேர்ந்த பிறகு போட்டால் நரம்பெல்லாம் சுருதி விலகிவிடுமாம். இத்தனை சத்தத்தில் யாருக்குத் தெரியப்போகிறது என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். தினமும் மைக்கில் ஒன் டூ த்ரீ சொல்கிறாயே, அது மட்டும் யாருக்காக என்று திருப்பிக் கேட்டார்.

ஒரு பௌர்ணமியன்று முகூர்த்தம் வந்துவிட்டது. கிரிவலக் கூட்டம், வண்டியை பைபாஸிலேயே நிறுத்திவிட்டார்கள். நானும் வேன் டிரைவரும் ஹார்ப்பை பட்டுப்போர்வையால் சுற்றித் தூக்கிக்கொண்டு நடந்தோம். போர்வை மூடி, ஆள் உயரத்தில், இரண்டு பேர் சுமந்து வருவதைப் பார்த்து ஜனங்கள் ஒதுங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மா கற்பூரமே ஏற்றிவிட்டார்.

அக்கா ஓடிவந்து, "வேணாம்மா, உள்ள சாமி இல்ல, வெறும் நரம்புதான்" என்றார். அப்படியும் அந்த அம்மா விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் போனார். மண்டபம் வரை அக்கா சிரித்துக்கொண்டே வந்தார்.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம்.

நான் ஒத்துக்கொண்ட ஒரு பெரிய ரிசப்ஷன். கூட்டமோ கூட்டம். ஹார்ப் சத்தம் ரொம்பக் கம்மி. மைக்கை ஏற்றினால் ஸ்பீக்கர் ஊய் என்று கத்துகிறது. பெண்ணோட அப்பா இரண்டு முறை வந்து முறைத்துவிட்டுப் போனார். எனக்குப் பதற்றம். அடுத்த ஆர்டர் போய்விடுமே என்கிற பயம், வேறென்ன.

நெட்டிலிருந்து ஒரு ஹார்ப் ட்ராக் எடுத்தேன். அக்கா பக்கத்தில் போய், "கைய மட்டும் ஆட்டுங்கக்கா. ட்ராக்க நான் ஓட்டிக்கிறேன்" என்றேன். எங்கள் தொழிலில் இது சகஜம். கீபோர்டுக்காரர்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. "ட்ராக் இன்னா சுருதி தம்பி?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். அவர் மைக்கை மிக்ஸரில் ம்யூட் செய்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

மறுநாள் பொருளெல்லாம் ஏற்றும்போது மேடை டெக்கரேஷன்காரர் சொன்னார். "அந்தம்மா நெஜமாவே வாசிச்சாங்கப்பா. பின்னாடி நின்னு ஃபுல்லா கேட்டேன். நீ போட்டதவிட அதான் நல்லா இருந்துச்சு."

ட்ராக் சுருதிக்கு ஹார்ப்பை மாற்றிக் கட்டி, இரண்டு மணி நேரம், யாருக்கும் கேட்காது என்று தெரிந்தே வாசித்திருக்கிறார். ஹெட்போன் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ம்யூட்டில் இருந்தாலும், மிக்ஸரில் ஒரு பட்டனை அழுத்தியிருந்தால் அவர் மைக் மட்டும் என் காதில் கேட்டிருக்கும். எனக்குத் தோன்றவே இல்லை. சே...

அதற்குப் பிறகு மூன்று முறை கூப்பிட்டேன். மூன்று முறையும் அந்தத் தேதி ஃப்ரீ இல்லை தம்பி என்றார். கோபமாகக்கூடப் பேசவில்லை.

நேரில் பார்க்கும்போது மன்னிப்புக் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். கலெக்டர் ஆபீஸ் வாசலில் நேரிலேயே பார்த்தேன். நல்லா இருக்கீங்களா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

காலையிலிருந்து எல்லா குரூப்பிலும் அந்த ரிசப்ஷன் வீடியோதான் ஓடுகிறது. என்ன ஒரு வாசிப்பு, விரலா அது என்று எழுதுகிறார்கள். ஷேர் செய்கிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்... அதில் தெரிவது அக்காவின் விரல்தான். கேட்பது அக்கா வாசித்தது இல்லை. நான் போட்ட ட்ராக்.

பதினோரு மணிக்கு அக்காவின் மகள் ஃபோன் செய்தாள். மத்தியானம் எடுப்பதற்கு முன்னால் அம்மா வாசித்ததைப் போட வேண்டும், அந்த ரிசப்ஷனில் வாசித்தது கிடைக்குமா என்று கேட்டாள். அது ட்ராக்தாம்மா என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"தெரியும் மாமா, அம்மா சொல்லியிருக்காங்க. அம்மாவோட மைக் மட்டும் தனியா ரெக்கார்ட் ஆயிருக்கும்ல? அதத்தான் கேக்கறேன்."

இல்லைம்மா என்றேன். சரிங்க மாமா என்று வைத்துவிட்டாள்.

மூன்று மணிக்கு எடுக்கிறார்கள். இப்போது அங்கேதான் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.

அக்கா... அன்னிக்கு நீங்க வாசிச்சத நான் கேக்கல. மன்னிச்சிடுங்க.