புள்ளி விழாத கல்வி

கொடைக்கானலில் ஒரு சின்ன அச்சகத்தில் நான் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான இரண்டாம் மாதம் என் வீட்டுக்காரருக்கும் அங்கேயே ஈயம் உருக்கும் வேலை கேட்டு வாங்கினேன். ஒரு வாரம் பார்க்கிறேன், சரிப்படாவிட்டால் அனுப்பிவிடுவேன் என்றார் முதலாளி. அனுப்பினால் என் வீட்டுக்காரர் மறுபடி தாண்டிக்குடியில் ஜீப் ஓட்டப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வரும் புருஷன் எனக்கு வேண்டாம்.

கெடு முடியும் சனிக்கிழமை, பாதிரியார்கள் நடத்தும் பள்ளிக்கூடத்திலிருந்து கல்வி விழா நோட்டீஸ் வந்தது. பெரிய எழுத்து எங்களிடம் ஒரு செட்டுதான். ஒரே தாளில் நாலு நோட்டீஸ் அடிக்க, தலைப்பை ஈர அட்டையில் பதித்துக் காயவைத்து, அந்தப் பள்ளத்தில் ஈயம் ஊற்றி வார்ப்போம். அவர் வார்த்துக் கொடுத்ததை அடித்துப் பார்த்தேன். நாலிலும் 'ல்' மேல் புள்ளி இல்லை. "கலவி விழா" என்று கொட்டை எழுத்தில் நின்றது. வயிறு வலிக்கச் சிரித்து முடித்த பிறகுதான் பயம் வந்தது.

"பானையில என்னத்தப் போட்டீங்க?"

"தேஞ்ச எழுத்தும் பழைய பட பிளாக்கு நாலும். எல்லாம் ஒரே நெறமாத்தான கெடக்கு?"

படம் அச்சடிக்கிற அந்த பிளாக்குத் தகடு துத்தநாகம். ஈயத்தில் அது கொஞ்சம் கலந்தாலும் கஞ்சி மாதிரி கெட்டிப்பட்டு, நுணுக்கமான பள்ளங்களில் இறங்காது. ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா என்று எரிந்து விழுந்தேன். அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். பாவமாகவும் இருந்தது.

மதுரையில் நான் முன்பு இருந்த அச்சகத்தில் இதற்கு உருளைக்கிழங்குதான் வைத்தியம். முதலாளி வீட்டு அடுப்படியில் மன்னவனூர்க் கிழங்கு மூட்டையாகவே இருந்தது. அடுப்பில் கரியை அள்ளிப் போட்டு ஈயத்தை நன்றாகக் காய்ச்சினோம். பச்சைக் கிழங்கை நீளக் கம்பியில் குத்தி அவர் பானையின் அடியில் அமுக்கினார். கிழங்கின் ஈரம் ஆவியாகி ஈயத்தைத் தளதளவென்று கொதிக்க வைத்தது. துத்தநாகம் சாம்பலாகி மேலே வர, நான் கரண்டியால் வழித்துப் போட்டேன். ஐந்து கிழங்கு கருகிய பிறகு வார்த்துப் பார்த்தும் பாதிப் புள்ளிதான் விழுந்தது. திரும்ப உருக்கினோம்.

"ஏ புள்ள, இந்த வாசனைக்குப் பசிக்குது" என்றார். வேலை போகிற நேரத்தில் இந்த மனுஷனுக்குப் பசி. மறுபடி சிரித்துவிட்டேன்.

ஒன்பதாவது கிழங்குக்குப் பிறகு ஈயம் கண்ணாடியாய்த் தெளிந்தது. வார்த்து அடித்தோம். கடுகளவுப் புள்ளி, முழு வட்டமாக. அவ்வளவு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட எனக்கு வரவில்லை.

முதலாளி வந்து புள்ளியில்லாத தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கருகிய கிழங்குகளையும் பார்த்தார். "திங்கக்கிழமை ரெண்டு பேரும் வெள்ளனே வந்துருங்க, சோலி நெறைய கெடக்கு" என்றார்.

எழுத்துக் கோக்கிறவள் நான், ஒரு சொல்லையும் விட மாட்டேன். 'ரெண்டு பேரும்' என்றுதான் சொன்னார்.