பாதி உருண்டைகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் பார்த்தசாரதியின் பட்டறை கல்லூரிகளுக்கு வேண்டிய தராசு, ஸ்டாண்டு, அணு மாதிரிகள் எல்லாம் செய்கிற இடம். மர உருண்டைகளுக்குத் துளை போட்டு, பெயிண்ட் அடித்து, கம்பியில் கோக்கிற வேலை கெங்கம்மாளுக்கு. நூம்பல் கிராமத்தில் நாற்று நட்ட கை அது. நட்ட வரிசை கோணாது என்று பேர் வாங்கிய கை. உப்பு, வைரம் இவற்றின் மாதிரிகளை அவள் நூறு தடவையாவது கட்டியிருப்பாள். எந்த உருண்டைக்கு எந்த இடம் என்பதில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

புருஷன் விஷயத்தில்தான் அந்தச் சாமர்த்தியம் செல்லுபடியாகவில்லை. செங்கல்வராயன் எண்பத்து நாலாம் வருஷம் ஒரு காலையில், ஆவடி வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியவன்தான், திரும்பவில்லை. சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாய்த் தேடினார்கள், குறி கேட்டார்கள். ஏழு வருஷமாக ஒரு துப்பும் இல்லை.

தொண்ணூற்றொன்றில் மகள் வடிவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. பத்திரிகையில் அப்பன் பேருக்கு முன்னால் ‘லேட்’ போடுவதா, வேண்டாமா? போட்டால் கெங்கம்மாள் தாலியைக் கழற்றிவிட்டு, மணவறைப் பக்கம் வராமல் ஓரமாக நிற்க வேண்டும். போடாவிட்டால், ஆள் எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்பார்கள். கொழுந்தன் திருவேங்கடம் பொறுமைசாலிதான். அவனே இந்த முறை வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்லுங்கள் அண்ணி என்று கறாராய்ச் சொல்லிவிட்டான். அச்சகத்தில் மற்ற எழுத்தெல்லாம் கோத்தாயிற்றாம், அந்த ஒரு வரிதான் பாக்கி.

அந்த வாரம்தான் கலியமூர்த்தி பட்டறைக்கு வந்தார். முப்பது வயசு இருக்கும், ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர், கனிமங்களை ஆராய்கிறவர். யுரேனியம் கலந்த புதுக் கனிமம் ஒன்று அவர் கையில் கிடைத்திருந்தது. கடுகிலும் சின்னதாய் ஒரு மஞ்சள் படிகம். அதற்குள் எக்ஸ்ரே பாய்ச்சி, எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கணக்குப் போட்டு எடுத்துவிட்டார். அதற்குப் பேர் என்ன என்று கேட்டால், வெளிநாட்டில் ஒரு குழு ஒப்புக்கொள்ளும் வரை சொல்லக் கூடாதாம். அந்தக் கணக்கை இரண்டு தாளில் எழுதிக் கொடுத்து, மாதிரி கட்டித் தரச் சொல்லிவிட்டுப் போனார்.

மஞ்சள் உருண்டை யுரேனியம். அதன் தலைக்கும் காலுக்கும் ஒவ்வொரு சிவப்பு ஆக்சிஜன், இடுப்பைச் சுற்றி ஐந்து. இப்படியே கைகோத்துக்கொண்டு ஒரு தட்டு, அதற்கு மேல் இன்னொரு தட்டு. நடுவே பதினாறு கம்பி நுனியில் நீலம், அது தண்ணீர். அந்த நீலத்துக்கு நேரே ‘அரை’ என்று போட்டிருப்பதாகப் பார்த்தசாரதி படித்துச் சொன்னார். கெங்கம்மாள் யோசிக்கவே இல்லை. எட்டு உருண்டைகளை நேர்பாதியாய் அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நீலம் அடித்து, பதினாறு பாதிகளையும் வரிசை கோணாமல் மாட்டினாள்.

வியாழக்கிழமை கலியமூர்த்தி வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவள் மன்னித்திருக்க மாட்டாள்.

“பாதித் தண்ணின்னு ஒண்ணு இல்லம்மா,” என்றார். “சில இடத்துல முழுசா இருக்கும், சில இடத்துல இருக்காது. எங்க இருக்கு, எங்க இல்லேன்னு எங்களால சொல்ல முடியல. அதைத்தான் அரைன்னு எழுதறோம்.”

“அப்ப இல்லாத எடத்த இன்னா பண்றது? கம்பிய வெட்டிட்லாமா?”

“வெட்டக் கூடாது. எட்டுல உருண்டை வைங்க, எட்டை வெறுங்கம்பியா விடுங்க. இடத்தையே எடுத்துட்டா கல்லைத் தப்பாச் சொன்ன மாதிரி ஆயிடும்.”

கெங்கம்மாள் எட்டு முழு உருண்டைகளை மாட்டினாள். மற்ற எட்டுக் கம்பிகளையும் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. செத்துப் போய்விட்டான் என்று பாதிப் பேர் சொன்னார்கள், வருவான் என்று பாதிப் பேர் சொன்னார்கள். தெரியாது என்பதையும் ஒரு விடையாக எழுதலாம் என்று ஏழு வருஷத்தில் ஒருத்தரும் அவளிடம் சொன்னதில்லை.

மறுநாள் திருவேங்கடம் வந்தபோது சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“செத்துட்டாருன்னு நான் போட மாட்டேன். உயிரோட கீறாருன்னும் சத்தியம் பண்ண மாட்டேன். எனுக்குத் தெரியாது. வெறும் பேரப் போடு. கேட்டா, தெரியாதுன்னு சொல்லு.”

அவன் சாப்பிட்டுவிட்டு அச்சகத்துக்குப் போனான். மாப்பிள்ளை வீட்டில் கொஞ்சம் முணுமுணுத்தார்கள். என்ன பேசிச் சமாளித்தானோ, ஒத்துக்கொண்டார்கள்.

கல்யாணத்தன்று பெண்ணைத் தாரை வார்க்க கெங்கம்மாள் மணையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொரு மணை காலியாகக் கிடந்தது. இடைஞ்சலாக இருக்கிறது என்று யாரோ அதை எடுக்கக் குனிந்தார்கள். திருவேங்கடம் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

“கெடக்கட்டும். எங்கண்ணன் எடம்,” என்றான்.

அதைக் கொண்டுவந்து போட்டதும் அவன்தான்.