சின்ன விரலில் மை

எங்கள் அப்பாவுக்கு இந்த நாட்டு ஜனாதிபதிகளைப் பற்றி இருந்த அபிப்பிராயங்கள் கொஞ்சநஞ்சமல்ல. போனவரைப் பற்றி இருந்தது, இருக்கிறவரைப் பற்றி இருந்தது, வரப்போகிறவரைப் பற்றி அவர் வருவதற்கு முன்பே இருந்தது. அப்பாவிடம் இல்லாதது வோட்டு ஒன்றுதான். அது இல்லை என்று ஊரில் பெரியவர்கள் எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது.

நாங்கள் நறுவிலிக்குளத்தில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் மலையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். ஒரு கலவரத்தில் அவர்கள் குடியிருந்த லயத்தை எரித்தார்கள். கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு லொறி ஏறி, லொறி நின்ற இடத்தில் இறங்கினார்கள். இறங்கிய இடத்தில் ஒரு கமக்காரருக்கு வயல்வேலைக்கு ஆள் தேவையாக இருந்தது. நான் அங்கே பிறந்தேன். மலையை நான் பார்த்ததில்லை. அம்மா சொல்லும் குளிரை, சுடுகிற மண்ணில் படுத்துக்கொண்டு நினைத்துப் பார்ப்பேன். வராது.

அப்பாவின் பாட்டனை இந்தியாவில் இருந்து கப்பலில் கூட்டிவந்த வெள்ளைக்காரர்கள், அவருடைய வம்சம் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்று முடிவு செய்யாமலே போய்விட்டார்கள். பிறகு சிலருக்குப் பிரஜாவுரிமை கொடுத்தார்கள். அப்பா அதற்குப் பதியப் போயிருக்கவேண்டிய அரசாங்கக் கந்தோர் மலையில் இருந்தது. அந்தப் பக்கம் திரும்பிப் போக அவருக்குக் கால் வரவில்லை. ஆகவே எந்த நாட்டுக்கும் சேராதவராக அவர் கமக்காரரின் வயலில் களை பிடுங்கினார். அடையாள அட்டையும் கிடையாது. யுத்த காலத்தில் அட்டை இல்லாத மனிதன் சோதனைச் சாவடியைத் தாண்டி, பாலத்தைக் கடந்து, மன்னார்த் தீவுக்குள் போவதென்பது நினைத்தும் பார்க்கக்கூடாத காரியம். இதெல்லாம் நான் பின்னால் அறிந்தவை. அந்தக் காலத்தில் நான் நினைத்திருந்தது, அப்பாவுக்குக் கடல் பிடிக்காது என்று.

எனக்கோ கடல்மேல் தீராத ஆசை. தீவில் இருக்கும் கீரிக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அழுவேன். "தண்ணிதானே, நம்ம குளத்துல இல்லாத தண்ணியா?" என்பார் அப்பா. அவர் சொன்னதில் நியாயம் இருப்பதுபோலத் தெரியும். ஆசை மட்டும் போகாது.

அப்பா படித்தவர் அல்ல. ஆனால் வறுத்த கடலை சுற்றி வந்த பேப்பர்த் துண்டைக்கூட எண்ணெய்க் கறையோடு விரித்து, கடைசி வரி வரைக்கும் வாசிப்பார். பின்னேரங்களில் கமக்காரர் வீட்டு முற்றத்தில் ரேடியோவில் செய்தி போகும்போது மாட்டுக்கு வைக்கோல் போடுகிற சாட்டில் நின்று கேட்பார். அதனால் ஜனாதிபதித் தேர்தல் வந்தால் ஊருக்கு அப்பா வேண்டும். வயலில் தேத்தண்ணிக்கு ஓய்கிற நேரம் எல்லாரும் அவரைச் சுற்றிக் குந்துவார்கள்.

அந்த வருடம் வாக்குச்சீட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போடலாம் என்ற விஷயம்தான் ஊரைக் குழப்பியது. அப்பா ஈர வரம்பில் தடியால் கட்டம் கீறி விளக்கினார்.

"மாப்பிள்ளை பாக்கிற மாதிரி வச்சுக்கங்க. முதல் மாப்பிள்ளை சரிவரலேன்னா அடுத்தது யாருன்னு இப்பவே சொல்லி வைக்கிறது. அதுதான் ரெண்டு."

"ரெண்டாம் மாப்பிள்ளை கேள்விப்பட்டால் கோவிக்கமாட்டானோ?" என்று கேட்டார் கமக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். ஊரில் உழவு மெசின் ஓட்டுகிற ஓர் அண்ணன் மட்டும் யோசனையாக இருந்துவிட்டு, "நான் எல்லாருக்கும் ஒண்டு போடப்போறன். இந்தக் காலத்தில ஆரையும் பகைக்க ஏலாது," என்றான்.

"அது செல்லாத வோட்டுய்யா," என்றார் அப்பா.

"செல்லாட்டில் என்னண்ணை, ஆள் தப்பிட்டன் எல்லே?"

மறுபடியும் சிரிப்பு. அப்பா சிரிக்கவில்லை. "கையில இருக்கிறதக் கரியாக்காதீங்க," என்று அதட்டினார். அவர் அப்படி அதட்டி நான் பார்த்ததில்லை. அந்த அண்ணன் முகம் மாறி, "சரியண்ணை, கோவியாதேங்கோ. ஒண்டு ரெண்டு போடுறன்," என்று தலையைக் குனிந்துகொண்டான். கமக்காரர் எழுந்து வாய்க்காலில் கை கழுவப் போனார். அப்பாவின் மதிப்பு எவ்வளவு பெரியது என்று நான் பூரித்துப்போனேன்.

யாரை ஆதரிக்கலாம் என்று கேட்டால் அப்பா பெயர் சொல்லமாட்டார். "சண்டையை நிப்பாட்டுறேன்னு எல்லாரும்தான் சொல்றாங்க. சொல்றவன் வாயைப் பாக்காத. அவன் சொல்லும்போது பக்கத்துல நிக்கிறவன் மூஞ்சியைப் பாரு." ரேடியோவில் மூஞ்சியை எப்படிப் பார்ப்பது என்று யாரும் கேட்கவில்லை.

கமக்காரரின் மகள் என் வகுப்பில் படித்தாள். அவளிடம் கீரியில் பொறுக்கிய ஒரு சங்கு இருந்தது. காதில் வைத்தால் கடல் கேட்கும் என்பாள். வைக்கத் தரமாட்டாள். தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள், பள்ளிக்கூடக் கிணற்றடியில் வைத்து அவள் சொன்னாள்.

"எங்கட வீட்டில மூண்டு வோட்டு. உங்கட அப்பாவுக்கு ஒண்டும் இல்லையாம். தோட்டக்காட்டாருக்கு வோட்டு இல்லையெண்டு அம்மா சொன்னவ."

"எங்கட அப்பா சொல்லிக்குடுத்துத்தானே உன்ர அப்பா போடப்போறார்?"

"சொல்லிக்குடுக்கலாம். போட ஏலாது."

எனக்கு ஆத்திரத்தில் கண் மறைத்தது. அப்பாவை மை பூசிய விரலோடு அவள் வீட்டு முற்றத்துக்கே கூட்டிவந்து காட்டுவதாகச் சொன்னேன். காட்டினால் சங்கு எனக்கு. காட்டாவிட்டால் ஆயுளுக்கும் அவளுடைய புத்தகப்பையை நான் சுமப்பது. அவள் கையடித்துச் சத்தியம் செய்தாள்.

தேர்தல் நாளன்று மழை விட்டிருந்தது. வயலில் வேலை இல்லை. அப்பா பழைய சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீர் பார்க்கப் போகிறேன் என்று மண்வெட்டியைத் தோளில் வைத்தார். வோட்டுப் போட எப்போது போகிறோம் என்று நான் கேட்டேன். அடுப்பில் ரொட்டி புரட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது. அப்பா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, உனக்கு ஏன் அந்த அவசரம் என்றார். நான் பந்தயத்தைச் சொன்னேன். கமக்காரரின் மகள் சொன்ன சொற்களையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"சும்மா கிட சனியனே, உங்கப்பாவுக்கு..." என்று அம்மா தொடங்கினாள்.

"நீ பேசாம இரு," என்றார் அப்பா.

மண்வெட்டி கீழே இறங்கியது. பெட்டிக்குள் இருந்து கலியாண வேட்டி வெளியே வந்தது. போலீஸ் நிற்கும், ஆமி நிற்கும், கார்டு கேட்பான் என்று அம்மா அடங்கிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தாள். "கேட்டாக் கேக்கட்டும்," என்று அப்பா முகம் மழித்தார். ரொட்டி கருகிவிட்டது. நான் ஈரப் பின்னலோடு வாசலில் குதித்துக்கொண்டு நின்றேன்.

எங்கள் பள்ளிக்கூடம்தான் வாக்குச்சாவடி. வரிசை வேம்படி வரைக்கும் நீண்டிருந்தது. அப்பா கடைசியில் போய் நின்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரிசை நகர நகரப் பின்னால் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அப்பா இடம் விட்டார். "நீங்க போங்க, வயசானவங்க." "போங்க தங்கச்சி, பிள்ளையோட நிக்கிறீங்க." "போ தம்பி, நீ வேலைக்குப் போகணும்." அவர்களும் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் முன்னால் போனார்கள். கமக்காரரும் அப்படித்தான் போனார். உழவு மெசின் அண்ணன் போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனான். எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு மரியாதை பார்த்தால் சீட்டு முடிந்துபோகாதா என்று பயமாகவும் இருந்தது.

கடைசியில் எங்களுக்கு முன்னால் பக்கத்து வீட்டு அக்கா மட்டும் மிஞ்சினாள். பின்னால் யாரும் வரவில்லை. அப்பா வீதியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். வீதியில் ஒரு மாடு நின்றது.

"இப்ப நம்ம முறைதாம்ப்பா," என்றேன்.

பள்ளிக்கூட வாசல் படலையடியில் ஒரு போலீஸ்காரர் நின்றார். அக்காவின் அட்டையைப் பார்த்து உள்ளே விட்டுவிட்டு, அப்பாவுக்கு முன்னால் கையை நீட்டினார். அந்த நேரம் விதானையார் பள்ளிக்கூட விறாந்தையில் இருந்து இறங்கி வந்தார். எங்கள் கிராம அதிகாரி, ஊரில் எல்லாரையும் பெயர்பெயராக அறிந்த மனிதர். போலீஸ்காரரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பிறகு அப்பாவிடம், "நீர் ஏனப்பா இஞ்ச வந்தனீர்?" என்று கேட்டார்.

அப்பா என் கையை விட்டுவிட்டு அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். விதானையார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். அவர் போலீஸ்காரருக்குத் தலையசைத்தார். பிறகு, "பிள்ளை, நீ அந்த யன்னலடியில நில்," என்று சொல்லிவிட்டு அப்பாவின் தோளில் கைபோட்டு உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

யன்னல் எனக்கு எட்டாது. சத்தம் கேட்கும். காலையில் இருந்தே கேட்டுக்கொண்டிருந்த சத்தம்தான். உள்ளே போகிற ஒவ்வொருவருடைய இலக்கத்தையும் பெயரையும் ஓர் அலுவலர் உரத்து வாசிப்பார். அக்காவின் பெயரையும் அப்படி வாசித்தார்கள். அடுத்தது அப்பாவின் பெயர் என்று நான் காத்திருந்தேன். வாசிக்கவில்லை. விதானையாரின் தணிந்த குரல் கேட்டது. ஒரு கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை.

அப்பா வெளியே வந்தார். அக்காவுக்குப் பிறகு போனவர் அக்காவுக்கு முன்பே வந்துவிட்டார். வந்து, இடது கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். சின்ன விரலில், நகத்தின் அடியில், ஊதாநிற மை ஈரமாக மினுங்கியது.

அப்பாவின் பெயரை ஏன் வாசிக்கவில்லை என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அவரை எல்லாருக்கும் தெரியும், வாசிக்கத் தேவையில்லை. ஏன் அவ்வளவு கெதியாக வந்தார் என்பதும் விளங்கியது. மற்றவர்கள் உள்ளே போய்த்தான் யோசிப்பார்கள். அப்பா வருடக்கணக்காக யோசித்து வைத்திருந்தவர்.

நேரே கமக்காரர் வீட்டுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். முற்றத்தில் கமக்காரரும் மனைவியும் மகளும் இருந்தார்கள். அப்பாவின் கையைப் பிடித்து உயர்த்திக் காட்டினேன். மகள் தாயின் முகத்தைப் பார்த்தாள். தாய் வாயைத் திறந்தாள். கமக்காரர் மனைவியைப் பார்த்த பார்வையில் அந்த வாய் மூடிக்கொண்டது. அவர் எழுந்து வந்து, அப்பாவின் விரலைத் தன் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல வடிவாப் பூசியிருக்கிறாங்கள்," என்றார். பிறகு மகளிடம், "குடு பிள்ளை, அந்தச் சங்கைக் குடு."

வீட்டுக்குப் போகிற வழியில் வாய்க்கால் கட்டில் குந்தியிருந்து சங்கைக் காதில் வைத்தேன். இரைச்சல் கேட்டது. அப்பாவின் காதிலும் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார்.

"இப்படித்தான் இருக்குமாக்கும்," என்றார்.

தோலில் இருந்த மை கொஞ்ச நாளில் போய்விட்டது. நகத்தில் இருந்தது போகவில்லை. நகம் வளர வளர அந்த ஊதாக்கோடு மேலே ஏறிக்கொண்டு போனது. அப்பா மற்ற நகங்களை வெட்டுவார், அதை வெட்டமாட்டார். களை பிடுங்கும்போது அந்த விரலை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொள்வார். கோழி கிண்டுகிற நகம் மாதிரி இருக்கிறது என்று அம்மா ஏசுவாள். இதற்குள் புதிய பதவிக்காலம் தொடங்கிப் பழசாகியிருந்தது. சண்டை நிற்கவில்லை. வரம்பில் குந்தியிருந்து அப்பா ஜனாதிபதியைத் திட்டத் தொடங்கினார். முன்பும் திட்டியவர்தான். ஆனால் இப்போது அந்த விரலை நீட்டித் திட்டினார். யாரும் குறுக்கே பேசவில்லை.

மலேரியாவில் அப்பா போனபோது நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். சண்டை கொஞ்சம் ஓய்ந்தபோது பாலத்தைத் தாண்டித் தீவுக்குப் போய், பேசாலையில் கருவாடு காயப்போட்டேன். கடல் அங்கே கண் முன்னால் கிடந்தது. நாற்றமும் உப்புமாகக் கை வெடித்தது. சங்குக்குள் கேட்டதுபோல ஒருநாளும் கேட்கவில்லை. கொழும்பில் ஒரு வீட்டில் பிள்ளை பார்த்தேன். கடல் கடந்து ஒரு பாலைவன ஊரில் சமைத்தேன். ஓர் இடத்தில் கால் தரித்தால் உடம்பு நோகும் எனக்கு. சங்கு எந்த ஊரில் தொலைந்தது என்றுகூடத் தெரியாது. இதற்கிடையில் ஒரு சட்டம் வந்து, எங்கள் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. அம்மா என் பெயரையும் பதிந்து வைத்திருந்தாள்.

நான் முதன்முதல் வோட்டுப் போட்டது அதே பள்ளிக்கூடத்தில். இரண்டு வேலைக்கு நடுவில் ஊருக்கு வந்திருந்தேன். எனக்கு ஜனாதிபதிகளைப் பற்றி அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. உள்ளே போனதும் முதல் மேசையில் இருந்த அலுவலர் அட்டையை வாங்கி, இலக்கத்தைப் பார்த்து, என் பெயரை முழுதாக, உரத்து வாசித்தார். எங்கள் வழக்கத்தில் தகப்பன் பெயர் முன்னால் வரும், பிள்ளையின் பெயர் பின்னால் வரும். அப்பாவின் பெயர் அந்த அறைக்குள் கேட்டது. யன்னலுக்கு வெளியே வேம்பு நின்றது.

நான் கேட்காதவள்போல நின்றேன். அவர் இன்னொரு முறை, இன்னும் உரத்து வாசித்தார்.