குளக்கட்டுக்குக் கீழே இருந்தவர்கள்

கண்டிக்குப் பக்கத்தில், வத்தேகமவிலிருந்த எங்கள் கடையின் பின்னறையில் வைத்து, வாப்பா என்னை அந்தக் கடிதத்தை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்ன மத்தியானம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசி வருஷங்கள் அவை. வாப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் கண்டியில் கன்னியாஸ்திரிகளிடம் படித்துவிட்டு, கலியாணப் பேச்சு நடக்கும் வயதில் வீட்டிலிருந்தேன். கடைக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வது என் வேலை. அன்று வந்தது ஒரே ஒரு தாள். எங்கள் தோட்டத்துக் குளக்கட்டைப் பற்றி அதில் இரண்டு தீர்ப்புகள் இருந்தன. கட்டின் நிலை நல்லது. உடைந்தால் வரக்கூடிய ஆபத்து முதலாம் தரம். அதற்கு மேல் மோசமான தரம் கிடையாது.

"நல்லதென்டும் எழுதியிருக்கான், மோசமென்டும் எழுதியிருக்கான். இதென்ன எழுத்து? இன்னொருக்கா வாசி மகள்" என்றார் வாப்பா.

வாப்பா புடவை வியாபாரி. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அந்தக் கொக்கோத் தோட்டத்தை வாங்கியிருந்தார். இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஓடிய ஓடையை மறித்து, கோப்பிக் காலத்தில் யாரோ போட்ட மண்கட்டு அங்கே இருந்தது. அதன் தண்ணீரில்தான் நாங்கள் கொக்கோ விதை கழுவினோம். தோட்டத்தில் வாப்பாவுக்கு மிகப் பிடித்த இடம் அந்தக் கட்டுத்தான். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் அங்கே போய், வெள்ளைத் தொப்பியோடு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதன் மேல் நடப்பார். ஒரு பக்கம் தண்ணீர். மறு பக்கம், கட்டின் காலடியிலேயே, தொழிலாளர் குடியிருந்த இரண்டு வரிசை லயங்கள். கங்காணி குடும்பமும் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். தண்ணீரையும் லயத்தையும் நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து நினைத்ததில்லை.

சேர்த்து நினைக்க வைத்தவர், அந்தக் கடிதம் வருவதற்குச் சில நாள் முன்பு வந்த ஓவர்சியர் ஐயா. கட்டைச் சோதிக்க அரசாங்கக் கச்சேரியிலிருந்து அனுப்பப்பட்ட யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்தவர், அதிகம் பேசாதவர். கட்டின் மேல் அவர் நின்றது அரைமணி நேரம் இருக்கும். மிச்சக் காலைப் பொழுது முழுவதையும் லயத்தில் கழித்தார். ஒவ்வொரு கதவாகப் போய், உள்ளே எத்தனை பேர், நடக்க முடியாதவர்கள் யார் என்று கேட்டு எழுதினார். பிறகு ஒரு நீண்ட தடியை வைத்துப் பார்த்து, முன்சுவரில் வெண்கட்டியால் ஒரு கோடு போட்டார். கட்டு உடைந்தால் தண்ணீர் அவ்வளவுக்கு வரும் என்றார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே சுவரோடு ஒட்டி நின்று அளந்து பார்த்தார்கள். ஒரு தலைகூடக் கோட்டை எட்டவில்லை. பிறகு கங்காணி போய் நின்றார். அவருடைய தலைப்பாகைக்கும் மேலே இருந்தது கோடு. சிரிப்பு நின்றுவிட்டது.

வாப்பாவுக்குக் கோபம் வந்தது. "என்ட ஆக்களப் பயங்காட்டவா வந்தீங்க? கட்டுல ஒரு கொறை காட்டுங்க பாப்பம்."

"கட்டிலை குறை இல்லை முதலாளி" என்றார் ஓவர்சியர் ஐயா. "கட்டு எப்பிடி இருக்கெண்டது ஒரு கேள்வி. அது போனா ஆர் போவினம் எண்டது வேறை கேள்வி. ரெண்டுக்கும் நான் பதில் எழுத வேணும்." புறப்படும்போது கங்காணியைக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். "கட்டின்ரை அடியிலை தண்ணி கசியும். தெளிவா வந்தாப் பயப்பிடாதையுங்கோ. கலங்கி வந்தா உள்ளை மண் கரையுது எண்டு அர்த்தம். அப்ப ஒருத்தரும் லயத்திலை நிக்கப்படாது."

கடிதம் வந்த பிறகு வாப்பா அதைப் பற்றி வீட்டில் பேசவில்லை. கண்டிக்குப் போய் மேலதிகாரியிடம் முறையிடப் போவதாகச் சொன்னவர் போகவுமில்லை. லயத்துக்கு வெள்ளையடிக்கச் சொன்னார். கோடு மறைந்தது. சில நாள் கழித்துக் கடைக்கு வந்த கங்காணியிடம், ஆட்கள் பயம் தெளிந்துவிட்டார்களா என்று விசாரித்தார். "வெள்ளை அடிச்சாச்சுங்க மொதலாளி. ஆனா புள்ளைங்க தெனம் அந்த எடத்துலதான் நின்னு அளந்து பாக்குதுங்க" என்றார் கங்காணி. அன்றிரவு வாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. பயம் அவருக்குள் எப்போது புகுந்தது என்று கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன். வெள்ளிக்கிழமை நடையும் அதோடு நின்றது.

அந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை, கங்காணி அனுப்பிய ஆள் நனைந்தபடி கடை வாசலில் வந்து நின்றான். "தண்ணி கலங்கி வருதுங்க" என்றான். வாப்பா கடையை அப்படியே விட்டுவிட்டு வாடகைக் காரில் ஏறினார். அவருக்கு நெஞ்சு நோய் இருந்தது. தனியே விட மனமில்லாமல் நானும் ஏறிக்கொண்டேன். வழி முழுவதும் அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

கட்டின் அடியில், ஆள் கட்டைவிரல் அளவு துளையிலிருந்து செந்நிறத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வாப்பா குனிந்து அதில் கையை நனைத்து, விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். விரலில் மண். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். ஆட்களை வெளியேற்றிவிட்டு ஒன்றும் நடக்கவில்லையென்றால் ஊரே சிரிக்கும் என்று அவர் ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசித்திருந்தால் அது அந்த ஒரு நொடிதான். "எல்லாரையும் கொக்கோக் கொட்டிலுக்கு ஏத்துங்க. மண்வெட்டி பிடிக்கிறவங்க மட்டும் என்னோட வாங்க" என்றார்.

கொட்டில் குன்றின் மேல் இருந்தது. மிஞ்சிய தண்ணீர் வழிந்துபோகும் வாய்க்கால் கட்டின் ஒரு முனையில் இருந்தது. அதை வெட்டி ஆழமாக்கினால் குளம் இறங்கும். ஆனால் அங்கே போய் வெட்டுவதற்குக் கட்டின் மேல்தான் நிற்கவேண்டும். ஆட்கள் தயங்கினார்கள். வாப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கட்டின் நடுவே, துளைக்கு நேர் மேலே போய் நின்றார். அதன்பிறகு அவர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள்.

கொட்டிலில் கங்காணி பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது ஓர் ஆள் குறைந்தது. கடைசி அறையில், பிள்ளை பெற்று நாலு நாளான ஒரு பெண். அவள் புருஷன் கட்டின் மேல் மண் வெட்டிக்கொண்டிருந்தான். மற்றப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை விட்டு நகர முடியாமல் இருந்தார்கள். நான் இறங்கி ஓடினேன். துணிச்சல் என்று சொல்லமாட்டேன். யோசிக்க நேரமிருந்திருந்தால் போயிருக்கமாட்டேன்.

அவள் கதவைச் சாத்திக்கொண்டு அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். "பச்சப் புள்ளங்க அம்மா. இந்த மழையில கொண்டு போனா சளி கட்டிச் செத்துப் போகும்" என்றாள். அவள் பயமும் உண்மைதான். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. நினைவிலிருப்பது சத்தம். மழைச் சத்தத்துக்கு அடியில், சுவருக்குப் பின்னால், அடித்தொண்டையில் யாரோ உறுமுவது போன்ற ஒரு சத்தம். வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்த சத்தம் அது என்று பிறகு தெரிந்தது. அப்போது கட்டுத்தான் வருகிறது என்று நினைத்தேன். பிள்ளையை என் முக்காட்டில் சுற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். தாய்க்கு என் பின்னால் வருவதைத் தவிர வேறு வழியில்லை. மேட்டில் ஏறும் வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்குக் குளம் பாதியாக இறங்கியது. துளையில் வந்த தண்ணீரும் நின்றது. கட்டு உடையவில்லை. மறுநாள் வெயில் எறித்தது. ஆட்கள் லயத்துக்குத் திரும்பப் போனபோது வாப்பா விடவில்லை. குன்றின் மேல் புது லயம் கட்டி முடிக்கும் வரை கொட்டிலிலேயே இருக்கச் சொன்னார். பழைய லயத்தை இடித்தார். அவர்களுக்கு அது சந்தோஷமாக இருக்கவில்லை. கீழே போட்டிருந்த கீரைப் பாத்தியும் கறிவேப்பிலை மரமும் போயின. தண்ணீர் சுமந்துகொண்டு மேடு ஏறவேண்டியிருந்தது. உடையாத கட்டுக்காக முதலாளி தங்களை அலைக்கழித்தார் என்று சிலர் என் காதுபடவே சொன்னார்கள். அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது.

அடுத்த வருஷம் ஓவர்சியர் ஐயா மறுபடி வந்தார். இம்முறை வந்த கடிதத்தில் கட்டின் நிலை மோசம் என்றிருந்தது. ஆபத்து, எல்லாவற்றிலும் குறைந்த கடைசித் தரம். இரண்டாம் தடவை வாசிக்கச் சொல்லாமல், வாப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

இப்போது நான் கண்டியில், மகனுடைய வீட்டில் இருக்கிறேன். எங்கே தேங்கிய தண்ணீரைக் கண்டாலும் என் கண் கரைக்கு அந்தப் பக்கம் போய், கீழே யார் இருக்கிறார்கள் என்று தேடுகிறது. பழக்கமாகிவிட்டது.

அந்த நாளைப் பற்றி வாப்பா ஒரே ஒரு தடவைதான் பேசினார். பல வருஷங்களுக்குப் பிறகு, நோயில் படுத்திருந்தபோது. நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன்.

"நீ லயத்துக்குள்ள போனத நான் கட்டுல நின்டு கண்டேன்" என்றார்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "ஏன் வாப்பா என்னக் கூப்பிடல்ல?"

"கூப்பிட்டிருந்தா என்ட கொரல்ல பயத்தக் கேட்டு வெட்டிக்கொண்டு நின்டவங்க எல்லாரும் ஓடியிருப்பாங்க. நீயும் உள்ள, அந்தப் பிள்ள பெத்தவளும் உள்ள. நீ வெளிய வாற வரைக்கும் காலெடுக்காம நின்டேன் மகள். நான் அசைஞ்சா கட்டு அசையும் போல இருந்திச்சு."