அண்ணாச்சி பாய்மரப் படகு வாங்கிய கதை

நல்ல நாள் பார்த்து, தாம்பூலத் தட்டோடு அட்வான்ஸ் கொடுக்க வந்த வாடிக்கையாளரிடம் "இந்தப் படகை வாங்காதீங்க அண்ணாச்சி" என்று சொன்னவள் நான். தேனாம்பேட்டை ஆபீசில் கண்ணாடி அறைக்குள் இருந்த மேனேஜர் காதில் அது விழுந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டார்.

"பிலோமினா, படகு விக்கறதுக்குத்தானே உங்களை வெச்சிருக்கோம்?"

"வித்தப்புறம் அவர் வந்து கத்துவார். அதை நீங்க கேட்டுக்கறீங்களா சார்?"

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மேனேஜர்களின் மௌனத்தை அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது ரிட்டயர் ஆகி சாந்தோமில் வீட்டோடு இருக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் போன் செய்து, "மோட்டார் போட் வெச்சிருந்தவர் பாய்மரப் படகு கேக்கறார் மேடம், எதைக் காட்டறது?" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் அண்ணாச்சி கதையைத்தான் சொல்கிறேன்.

முகப்பு பார்த்து வாங்குவது

அண்ணாச்சி சங்கரலிங்கத்துக்கு தி.நகரில் ஜவுளிக்கடை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கடையை மகன்களிடம் விட்ட பிறகு ஒரு மோட்டார் போட் வாங்கினார். மனைவி கோமதி அம்மா ஒரே ஒரு முறை அதில் ஏறினார். இன்ஜின் சத்தம், டீசல் நாற்றம், அலைமேல் தடதடவென்று அடித்ததில் முதுகு வலி. இனி ஜென்மத்துக்கும் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

கடை திறந்த நாளிலிருந்து மனைவியை எங்கேயும் கூட்டிப் போனதில்லை என்ற குறை அண்ணாச்சிக்கு உண்டு. தங்கித் தங்கி, கடல் வழியாகவே தூத்துக்குடி வரை இருவரும் போக வேண்டும் என்பது அவர் ஆசை. பாய்மரப் படகில் சத்தம் இருக்காது என்று யாரோ சொல்ல, எங்களிடம் வந்தார்.

"எத்தனை ஸ்பீடு போகும் மேடம்?"

"காத்து நல்லா இருந்தா, சைக்கிள் மிதிக்கிற வேகம் அண்ணாச்சி."

"சைக்கிளா?" என்று கேட்டுவிட்டு, சரி, படகைக் காட்டுங்கள் என்றார்.

துறைமுகத்தில் கட்டியிருந்த இரண்டு படகுகளைக் காட்டினேன். கடைக்கு இடம் பிடிக்கும்போது முகப்பு எத்தனை அடி என்று பார்த்துப் பழகியவர் அல்லவா? அகலமான புதுப் படகைப் பார்த்ததும் மயங்கிவிட்டார். உள்ளே ஹால், வெள்ளை சோபா, பெரிய கண்ணாடி ஜன்னல். படகு ஓட்டும் எங்கள் சேகர், பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்துக்காரன். அவனும் கூடச் சேர்ந்து ஜால்ரா அடித்தான்.

"இன்னா மேடம், கல்யாண மண்டபம் மாதிரி கீது. அண்ணாச்சிக்குப் புட்ச்சிருக்கு, வுட்ருங்களேன்."

விட முடியவில்லை. மோட்டார் போட் ஆடும், குதிக்கும். பாய்மரப் படகு ஒரு பக்கம் சாயும், சாய்ந்தபடியே மணிக்கணக்கில் போகும். அப்போது ஹால் எவ்வளவு அகலமோ, விழுவதற்கு அவ்வளவு தூரம். கை நீட்டினால் பிடிக்க ஒரு கம்பி வேண்டும், இடுப்பை அண்டக் கொடுக்க ஒரு பலகை வேண்டும். இதையெல்லாம் சொன்னேன்.

"சாஞ்சா நிமித்திக்கிடலாம்லா மேடம்" என்றார் அண்ணாச்சி.

பால் காய்ச்சாமல் முடியாது

அட்வான்ஸ் அன்று நான் தடுத்த தகவல் போனில் வீட்டுக்குப் போனது. கோமதி அம்மா என்னிடமே பேசினார். அவர்கள் வீட்டில் புதுக் கிளையானாலும் குடோனானாலும் பால் பொங்கின பிறகுதான் மற்றதெல்லாம்.

"நான் அதுல வாரேனோ இல்லையோ, பால் காய்ச்சாம ஒரு எடத்தை வாங்கக் கூடாது. அதுக்கு மட்டும் வாரேன். கட்டிப் போட்டுத்தான வச்சிருப்பீங்க?"

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, அப்படி இருந்தது எனக்கு.

"கொஞ்ச தூரம் ஓட்டிட்டுப் பால் காய்ச்சலாம்மா. ஓடாத படகுல காய்ச்சி என்ன பிரயோஜனம்?" என்றேன். அரை மனதாக ஒப்புக்கொண்டார்.

முதலில் அகலப் படகு. துறைமுகத்தைத் தாண்டி சேகர் பாயை விரித்தான். கிழக்கே இருந்து கடல்காற்று. படகு கரைப்பக்கமாகச் சாய்ந்தது. வெள்ளை சோபாவின் ஒரு முனையில் உட்கார்ந்திருந்த கோமதி அம்மா மறுமுனைக்கு வழுக்கிக்கொண்டு போனார். பிடிக்க எதுவும் இல்லாமல் அண்ணாச்சியின் வேட்டியைப் பிடித்தார். அண்ணாச்சி வேட்டியைப் பிடிப்பதா மனைவியைப் பிடிப்பதா என்று தவித்தபோது, அடுப்புப் பற்றவைக்கும் முன்பே பால் பாத்திரம் மேடையிலிருந்து சரிந்து அண்ணாச்சி மடியில் கொட்டியது. நல்லவேளை, பச்சைப் பால்.

சேகர் வாயைப் பொத்திக்கொண்டு மேலே ஓடினான். எனக்கும் சிரிப்புதான். ஆனால் கோமதி அம்மா முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன்.

"கரைக்குத் திருப்பச் சொல்லுங்க. இதுக்கு அந்த மோட்டார் போட்டே தேவலை."

இறங்கியதும் நேராகக் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். ஈர வேட்டியோடு அண்ணாச்சி என் பக்கத்தில் நின்றார். "அவ வரலைன்னா எனக்கு எதுக்கு மேடம் படகு? எல்லாத்தையும் வித்துட்டு வீட்ல இருக்க வேண்டியதுதான்" என்றார். என் வாயால் வந்த வினை என்று மனசு அடித்துக்கொண்டது. காரின் கண்ணாடியைத் தட்டினேன்.

"அம்மா, பால் கொட்டினதோட விடறது நல்லதில்லை. அடுத்த முகூர்த்தத்துல இன்னொரு படகு இருக்கு. ஒரு தடவை வாங்க."

பால் விஷயம் என்பதால் மட்டுமே வந்தார்.

குடோன் மாதிரி இருந்த படகு

இரண்டாவது படகு சின்னது, பழையது. உள்ளே முழுக்கத் தேக்கு. "குடோன் மாதிரி இருக்கே" என்றார் அண்ணாச்சி. கிளம்புவதற்கு முன் இருவரையும் கட்டிலில் படுத்து எழச் சொன்னேன். கையில் டம்ளரோடு ஏணியில் இறங்கச் சொன்னேன். கக்கூஸ் கதவைச் சாத்தி உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். "பொண்ணு பாக்க வந்தாக்கூட இவ்வளவு கேக்க மாட்டாங்க" என்று அண்ணாச்சி முணுமுணுத்தார்.

துறைமுகத்தைத் தாண்டியதும், கிளம்ப மட்டும் ஓடிய சின்ன இன்ஜினை நிறுத்திப் பாயை விரித்தோம். படகு சாய்ந்தது. கோமதி அம்மா எதிரே இருந்த கம்பியைப் பிடித்தார், மூன்று பக்கமும் மேடை சூழ்ந்த சமையலிடத்துக்குள் போய் இடுப்பை அண்டக் கொடுத்து நின்றார். அங்கே அடுப்பு இரண்டு முளைகளில் தொங்கும். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது மட்டும் ஊஞ்சல் போல ஆடி மட்டமாக நிற்கும். பாத்திரம் அசையவில்லை.

"கிழக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

சேகர் மேலிருந்து எட்டிப் பார்த்தான். "சாந்தோம் கோயிலு அந்தாண்ட கீதும்மா. அப்ப கெயக்கு இந்தாண்ட."

பால் பொங்கிக் கிழக்குப் பக்கமே வழிந்தது. எல்லோருக்கும் சர்க்கரை போட்டு டம்ளரில் கொடுத்தார். நானும் வாங்கிக் குடித்தேன்.

பிறகு மேலே வந்து உட்கார்ந்தார். முதுகு சாய உயரமான பலகை இருந்தது. சுக்கான் அண்ணாச்சி கையில். அவர் மோட்டார் போட்டில் பேசிப் பழகிய குரலில், "கோமதி, அந்தா தெரியுதே, அதான் பெசன்ட் நகர்" என்று கூவினார்.

"ஏன் கத்துதீங்க? பக்கத்துலதான இருக்கேன்" என்றார் கோமதி அம்மா.

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். அதன் பிறகு அவர்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. நானும் சேகரும் முன்பக்கம் போய்விட்டோம்.

பாலவாக்கம் தெரிந்ததும் திரும்பலாமா என்று கேட்டேன். அண்ணாச்சி சுக்கானைத் திருப்பப் போனார். கோமதி அம்மா அவர் கைமேல் கை வைத்தார்.

"இருங்க. வீட்ல போயி என்ன செய்யப் போறோம்? இன்னும் கொஞ்ச தூரம் போவோம்."

ஆகவே பிள்ளைகளே, படகு கேட்டு வருகிறவரிடம் அதிகம் பேசாதீர்கள். வர மாட்டேன் என்று சொன்னவர் வீட்டில் யாரென்று கேட்டு, அவரை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அன்று அந்தச் சின்னப் படகுக்கு அட்வான்ஸ் கொடுத்தபோது அண்ணாச்சி விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் சொன்னது இதுதான்: "என்கூட இன்னும் கொஞ்ச தூரம் வாரேன்னு இவ சொன்னது இன்னைக்குத்தான் மேடம்."